கண்ணுக்குள் ஓர் ஏற்றவற்றம்!

ஒரே ஒரு தடவை அழுத்தம் பார்த்தால் போதுமா?

காலையில் ஓர் அளவு. மாலையில் ஓர் அளவு. உட்கார்ந்தால் ஓர் அளவு. படுத்தால் ஓர் அளவு. தலைகீழாக நின்றால் இரண்டு மடங்கு!

இது என்ன?

விடுகதை அல்ல. நம் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் இருக்கிற அழுத்தத்தின் கதை.

இரத்த அழுத்தம் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இருக்கும் பாட்டிகூட, "எனக்குப் பிரஷர் இருக்குது" என்று சொல்கிறார். ஆனால், கண்ணுக்கும் ஓர் அழுத்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அது நேரத்துக்கு நேரம் மாறும் என்பது தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

தெரிந்துகொள்வதால் என்ன லாபம்?

பார்வை மிஞ்சும். அதைவிட லாபம் வேறு என்ன வேண்டும்?

இரவும் பகலும் வேலை

திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூருக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது காட்டுப்பள்ளி. மீனவர்கள் வாழ்ந்த ஊர். இன்று அங்கே பெரிய துறைமுகம் இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. தினம் 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் அளவுக்கு ஒரு நிலையம் 2010ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்டது. பக்கத்தில் அனல் மின் நிலையங்கள். வடமேற்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை.

இந்த வட்டாரத்தில் வேலைக்கு இரவு பகல் கிடையாது. ஒரு ஷிப்டு முடிந்தால் அடுத்த ஷிப்டு. கிரேன் ஓட்டுகிறவர், வெல்டிங் வைக்கிறவர், கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், காவலுக்கு நிற்கிறவர் என்று ஆயிரக்கணக்கான பேர் கண்ணை நம்பிப் பிழைக்கிறார்கள்.

ஊர் உறங்கும்போது அவர்கள் விழித்திருக்கிறார்கள். ஊர் விழித்திருக்கும்போது அவர்கள் உறங்குகிறார்கள். ஆகவே, கண் அழுத்தம் நேரத்துக்கும் படுக்கைக்கும் ஏற்ப மாறும் என்ற செய்தி, மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணுக்குள் எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அல்ல. கண்ணீர் கண்ணுக்கு வெளியே. இந்த நீர் கண்ணுக்கு உள்ளே.

இரத்தக் குழாய்கள் இல்லாத பாகங்களுக்கு இந்த நீர்தான் உணவு கொண்டுபோகிறது. கண் விழி உருண்டையாக நிற்பதும் இதனால்தான். காற்று அடித்த பந்து உருண்டையாக நிற்கிறது அல்லவா? அதுபோல.

ஊறிய நீர் அங்கேயே தங்கிவிடக் கூடாது. வெளியேற வேண்டும். அதற்குக் கருவிழியின் ஓரத்தில், சுற்றிலும் சல்லடை போன்ற ஒரு வடிகால் இருக்கிறது. அதன் வழியாக நீர் போய் இரத்தக் குழாய்களில் சேர்கிறது. ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள் கண்ணில் உள்ள பழைய நீர் முழுவதும் போய்ப் புதிய நீர் வந்துவிடுகிறது.

பழவேற்காடு ஏரியை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லலாம். ஏரிக்கு ஆற்று நீர் வருகிறது. முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஏரி வடியாது. மீனவர்கள் மண்வெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

கண்ணிலும் அதே கதைதான். வடிகால் அடைபட்டால் நீர் தேங்கும். அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம், கண்ணின் பின்புறம் மூளைக்குச் செல்லும் நரம்பை நசுக்கும். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இதுதான் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்.

செத்த நரம்பு திரும்ப உயிர் பெறாது. கண்புரை வந்தால் ஆப்பரேஷன் செய்து பார்வையைத் திரும்பக் கொண்டுவரலாம். கண் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அவ்வளவுதான்.

மணிக்கு மணி மாறும் அளவு

கண் அழுத்தத்தையும் இரத்த அழுத்தத்தைப் போலவே பாதரச மில்லிமீட்டரில் சொல்லுகிறார்கள். பெரும்பாலான நல்ல கண்களில் இது 10 முதல் 21 வரை இருக்கும்.

ஆனால், நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்காது. நோய் இல்லாத கண்ணிலேயே ஒரு நாளில் 3 முதல் 6 வரை ஏறி இறங்கும். நோய் உள்ள கண்ணில் 10க்கு மேலும் ஆடும்.

உட்கார வைத்து அளந்தால், பெரும்பாலோருக்குக் காலையில் அதிகமாகவும், பிற்பகலிலும் மாலையிலும் குறைவாகவும் இருக்கும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சிலருக்கு நடுப்பகலில் ஏறும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு தனிப் போக்கு உண்டு.

இரவில் என்ன நடக்கிறது? இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் டியாகோ நகரில் உள்ள பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆட்களை உறக்கப் பரிசோதனைச் சாலையில் தங்க வைத்து, 24 மணி நேரமும் விட்டு விட்டு அளந்தார்கள். பகலில் உட்கார வைத்து அளந்தார்கள். இரவில் படுத்தபடியே அளந்தார்கள்.

விடை வியப்பாக இருந்தது. பெரும்பாலோருக்கு அழுத்தம் உச்சத்துக்குப் போனது இரவில், படுக்கையில்!

இதில் ஒரு புதிர் இருக்கிறது. உறங்கும்போது கண்ணில் நீர் ஊறுவது பகலில் ஊறுவதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. நீர் குறைந்தால் அழுத்தமும் குறைய வேண்டும் அல்லவா? ஏன் ஏறுகிறது?

மறுபடியும் முகத்துவாரத்துக்கே வாருங்கள். ஆற்றில் வரும் நீர் குறைவாக இருந்தாலும், கடலில் ஓதம் ஏறி நின்றால் ஏரி நீர் வெளியே போகாது. நாம் படுக்கும்போது தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. தலையிலிருந்து இறங்கும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது. கண்ணிலிருந்து வடியும் நீர் அந்தக் குழாய்களுக்குத்தான் போக வேண்டும். அங்கே அழுத்தம் கூடியிருந்தால், இங்கே நீர் தேங்கும்.

உட்கார்ந்திருப்பவர் படுத்தால் சாதாரணமாக 2 முதல் 4 வரை ஏறுகிறது. பகலில் படுத்தாலும் ஏறும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்புறத்துக் கண்ணில் சற்று அதிகமாக ஏறுவதும் உண்டு.

விரலும் கருவியும்

கருவி இல்லாத காலத்தில் டாக்டர்கள் மூடிய இமையின்மேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். கல் போல இருந்தால் அழுத்தம் அதிகம் என்று அறிந்தார்கள்.

1905ஆம் ஆண்டில் நார்வே நாட்டு டாக்டர் ஷியோட்ஸ் ஒரு கருவி செய்தார். நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணை மரக்கச் செய்து, கருவியைக் கருவிழிமேல் நிறுத்துவார்கள். முள் நகர்ந்து அளவைக் காட்டும். பல ஆண்டுகள் நம் ஆஸ்பத்திரிகளிலும் கேம்புகளிலும் இதுதான் ஓடியது.

1950களில் சுவிட்சர்லாந்து டாக்டர் கோல்ட்மன் வேறொரு கருவி கொண்டுவந்தார். இதற்கு நோயாளி உட்கார வேண்டும். இன்றைக்கும் கண் ஆஸ்பத்திரிகளில் இதுதான் உரைகல். காற்றை "புஸ்" என்று ஊதி அளக்கும் கருவியும் உட்கார வைத்துத்தான் பார்க்கிறது.

ஆக, இப்போது நாம் அளப்பது பெரும்பாலும் பகலில், உட்கார்ந்த நிலையில். அழுத்தம் உச்சத்துக்குப் போவதோ பலருக்கு இரவில், படுத்த நிலையில். திருடன் இரவில் வருகிறான். காவல்காரன் பகலில் மட்டும் ரோந்து போகிறான்!

தலைகீழாக நின்றவர்கள்

உடம்பின் நிலை கண் அழுத்தத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது.

சங்கர நேத்ராலயா டாக்டர்கள், யோகாசனம் பழகும் 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்க வைத்து அளந்து பார்த்தார்கள். 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். எல்லா வயதினருக்கும் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. ஆசனத்தில் நின்ற வரையில் அது இறங்கவில்லை.

அப்படியானால் யோகாசனம் கெடுதலா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லக் கூடாது. யோகம் பழகிய அந்த 75 பேரிடம் நிரந்தரமான அழுத்த ஏற்றம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததாக அவர்கள் காணவில்லை. நல்ல கண் சிறிது நேர ஏற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது. தலையைத் தாழ்த்தி நீண்ட நேரம் நிற்கும் மற்ற ஆசனங்களையும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

வேறு சில காரியங்களும் அழுத்தத்தைச் சிறிது நேரம் ஏற்றும். மூச்சை அடக்கிக்கொண்டு பளு தூக்குவது ஒன்று. கழுத்தை இறுக்கும் காலர் ஒன்று. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பது ஒன்று.

இதைப் படித்துவிட்டு வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது! உடம்புக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். மடக்கு மடக்காக, அடிக்கடி குடியுங்கள். மூட்டை தூக்கும்போது மூச்சை விட்டுத் தூக்குங்கள். அவ்வளவு போதும்.

நம் மாவட்டம் சொன்ன உண்மை

இந்த நோய் நமக்கு எங்கே வரப்போகிறது என்று நினைக்கிறீர்களா?

2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயா ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. சென்னை நகரத்திலும், திருவள்ளூர், காஞ்சீபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களின் கண்களைப் பார்த்தார்கள். கிராமங்களில் 3,924 பேர். நகரத்தில் 3,850 பேர்.

வடிகால் மெல்ல மெல்ல அடைபடும் வகையான கண் அழுத்த நோய், கிராமங்களில் நூற்றுக்கு 1.62 பேருக்கு இருந்தது. நகரத்தில் நூற்றுக்கு 3.51 பேருக்கு இருந்தது.

இதைவிட அதிர்ச்சியான செய்தி வேறு. அப்படி நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல், தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது!

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தென் மாவட்டங்களில் எடுத்த கணக்கும் 2003ஆம் ஆண்டில் இதே கதையைத்தான் சொன்னது.

ஏன் தெரிவதில்லை? வலி இல்லை. சிவப்பு இல்லை. நேரே பார்க்கும் பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். பக்கப் பார்வைதான் முதலில் போகும். அதுவும் ஒரு கண்ணில் போனதை மறு கண் ஈடு செய்துவிடும்.

துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கூட அவர் படித்துவிடுவார். ஆனால், பக்கத்திலிருந்து வரும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. நோய் அவருக்கு. ஆபத்து சைக்கிள்காரருக்கும்.

"நார்மல்" என்ற சீட்டு

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

தொழிற்சாலைகளில் ஆண்டுக்கு ஒரு தடவை உடல் பரிசோதனை நடக்கிறது. ஊர்களில் கண் கேம்பு நடக்கிறது. நல்ல காரியம். நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், எழுத்துப் பலகையை மாட்டி, படிக்கச் சொல்லி, "கண் நன்றாக இருக்கிறது" என்று சீட்டுக் கொடுத்தால் அது பாதிப் பரிசோதனை. ஒரே ஒரு தடவை அழுத்தம் பார்த்து "நார்மல்" என்று எழுதினால், அது முக்கால் பரிசோதனை. கால் பாகம் பாக்கி இருக்கிறது. அந்தக் கால் பாகத்தில்தான் பலர் பார்வையை இழக்கிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாலை 4 மணிக்குப் பார்த்தால் 18. "நார்மல்" என்று சீட்டு. அவரையே விடியற்காலை 6 மணிக்குப் பார்த்தால் 26 இருக்கலாம். எது உண்மை? இரண்டும் உண்மை! கருவி தவறவில்லை. டாக்டர் தவறவில்லை. நேரம் மாறிவிட்டது.

கடலில் ஓதம் இறங்கிய நேரத்தில் படம் எடுத்து, "இங்கே தண்ணீரே வராது" என்று சொல்லி வீடு கட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் நாம் கண் விஷயத்தில் செய்கிறோம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் நடந்த கணக்கெடுப்பில், நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் தடவை பார்த்த அழுத்தம் 21க்கு உள்ளேதான் இருந்தது. சிலருக்கு எப்போது பார்த்தாலும் அழுத்தம் கூடுதலாக இருப்பதில்லை. ஆனாலும் நரம்பு கெடுகிறது. ஆகவே அழுத்தத்தோடு நரம்பையும் பார்க்க வேண்டும்.

இரவு ஷிப்டு பார்க்கிறவர் கதி இன்னும் மோசம். கேம்பு காலை 10 மணிக்கு நடக்கும். அவர் அப்போது உறங்கிக்கொண்டிருப்பார். விழித்து வந்தாலும், எந்த நேரத்தில் உறங்கி எழுந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 35ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பொறி தெறிக்கும் வேலையிலும், கூசும் வெளிச்சத்திலும் தொழிலாளியின் கண்ணைக் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். கண்ணாடி கொடு, திரை போடு என்றார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்தை அன்றே நினைத்துப் பார்த்தார்கள். உள்ளிருந்து வரும் ஆபத்தை இன்று நாம் நினைக்க வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஐந்து காரியங்கள் போதும்.

முதலாவது: அழுத்தம் பார்த்த அளவோடு, பார்த்த மணியையும் சீட்டில் எழுத வேண்டும். "18" என்று எழுதினால் போதாது. "மாலை 4 மணி, உட்கார்ந்து, 18" என்று எழுத வேண்டும். இதற்கு ஒரு காசு செலவு இல்லை. ஒரு பேனா போதும்.

இரண்டாவது: அடுத்த தடவை வேறு நேரத்தில் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு மாலையில் பார்த்தவரை இந்த ஆண்டு காலையில் பார்க்கலாம்.

மூன்றாவது: 40 வயது தாண்டியவர்களுக்குக் கண்ணின் பின்புற நரம்பையும் பார்க்க வேண்டும்.

நான்காவது: கேம்பை ஷிப்டு மாறும் நேரத்தில் வைக்க வேண்டும். காலையில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவரையும், பகல் ஷிப்டுக்குப் போகிறவரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

ஐந்தாவது: சந்தேகம் உள்ளவர்களை மட்டும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். கண் டாக்டர்களுக்கு இது புதிது அல்ல. வேண்டியவர்களுக்கு அவர்கள் செய்வதுதான். அந்த ஒரு நாளுக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது!

இந்த ஐந்தாவதுதான் உயிர்நாடி. காண்டிராக்ட் தொழிலாளி ஒருவரிடம், "நாள் முழுவதும் ஆஸ்பத்திரியில் இரு" என்று சொன்னால் என்ன சொல்வார்? "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டும். அதை முதலாளிகளும் காண்டிராக்டர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கூலி பெரிதா? கிரேன் ஓட்டுகிறவரின் பக்கப் பார்வை பெரிதா?

"எல்லோரையும் நாள் முழுவதும் அளக்க முடியுமா? நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் அது தேவையில்லை. எல்லோருக்கும் தேவை ஒரு முழுப் பரிசோதனை. சந்தேகப்படுகிற சிலருக்குத்தான் நாள் முழுவதும் அளக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு அதிக ஜாக்கிரதை வேண்டும்?

அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்காள், தங்கை யாருக்காவது இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், தடித்த மைனஸ் கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணில் எப்போதாவது பலத்த அடி பட்டவர்கள் ஆகியோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வெல்டிங் வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளிச்சம் தாக்கிக் கண் சிவந்தால், மருந்துக்கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு உடனே மறையும். சுகமாக இருக்கும். வாரக்கணக்கில் போட்டால் சிலருக்கு அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

இன்னொரு வகை நோயும் உண்டு. அதில் வடிகால் வாசல் திடீரென்று மூடிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்த மாலை நேரத்தில், கண்மணி விரியும்போது இது வரலாம். கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் ஆகியவை அடையாளங்கள். நம் வீடுகளில் இதைப் பித்தம் என்றும், ஒற்றைத் தலைவலி என்றும் சொல்லிக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அது தவறு. அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருந்தால் பார்வை போய்விடக்கூடும்.

மருந்து போடுகிறவர்களுக்கு

கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்கள் நேரம் தவறக் கூடாது. மருந்துகளிலும் வித்தியாசம் உண்டு. டிமலால் என்ற மருந்து பகலில் நன்றாக வேலை செய்யும். இரவில் அதற்கு வேலை குறைவு. லாட்டனோபிராஸ்ட் என்ற மருந்து இரவிலும் பகலிலும் வேலை செய்யும். எது உங்களுக்கு ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

"இரவில் படுக்கும்போது ஒரு சொட்டு" என்று சீட்டில் எழுதியிருக்கும். இரவு ஷிப்டு பார்க்கிறவர் என்ன செய்வார்? ஒரு வாரம் இரவு 10 மணிக்கு, மறு வாரம் காலை 8 மணிக்கு என்று மாற்றிக்கொண்டிருந்தால் நடுவில் இடைவெளி விழும். "நான் ஷிப்டு வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த ஷிப்டானாலும் போடக்கூடிய ஒரு நிலையான மணியை அவர் குறித்துக் கொடுப்பார்.

இரத்த அழுத்தத்துக்கு இரவில் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உறக்கத்தில் இரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் கண் நரம்புக்குப் போகும் இரத்தம் குறையும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்!

நோய் உள்ளவர்கள் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுத்தால் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். குப்புறப் படுத்துத் தலையணையில் கண்ணை அழுத்திக்கொள்வது நல்லதல்ல. மற்றவர்கள் வழக்கம்போல் படுத்து நிம்மதியாக உறங்கலாம். உறக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சென்னைக்கு உள்ள பெருமை

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது சென்னைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819ஆம் ஆண்டில் தொடங்கியது. 200 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அங்கே தலைமை டாக்டராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், 1909ஆம் ஆண்டில் கண் அழுத்த நோய்க்கு ஒரு புதிய ஆப்பரேஷன் செய்யத் தொடங்கினார். கருவிழியின் ஓரத்தில் சின்னஞ்சிறு துளை போட்டு, தேங்கிய நீர் வடிய வழி செய்தார். தூர்ந்த முகத்துவாரத்தை வெட்டித் திறப்பது போன்ற வேலை! உலகத்தின் பல நாடுகளிலும் டாக்டர்கள் இதைப் பின்பற்றினார்கள்.

நூறு ஆண்டுக்கு முன்னே உலகத்துக்கு வழி காட்டிய சென்னை, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் சென்னை. அங்கிருந்து எழும்பூர். திருவள்ளூரிலும் 2022ஆம் ஆண்டில் அரசாங்க மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வைத்தியம் இல்லாமல் கண் போகவில்லை. வைத்தியம் பக்கத்தில் இருந்தும், தெரியாமல் போகிறது. அதுதான் வருத்தம்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்குகிறார். "கண் நன்றாகத்தான் தெரிகிறது" என்கிறார். நம்பிவிடாதீர்கள். 40 வயது தாண்டிவிட்டதா? அவர் அப்பாவுக்குக் கண் அழுத்தம் இருந்ததா? வாரத்தில் ஓய்வு நாள் ஒன்று இருக்கிறதே, அன்று அழைத்துப் போங்கள். நீங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் திடீரென்று மூடும் நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். "அழுத்தம் எவ்வளவு? இப்போது மணி என்ன என்று அதோடு எழுதினீர்களா? நரம்பைப் பார்த்தீர்களா?" கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்கிற நோயாளியை நல்ல டாக்டர் விரும்புவார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், கண் கெடும் முன்பே கதவைத் தட்ட வேண்டும். தொழிற்சாலை முதலாளிகள் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கட்டும். கேம்பு நடத்துகிறவர்கள் ஒரு பேனாவை எடுத்து மணியை எழுதட்டும்.

இந்த இரண்டும் நடந்தால், காட்டுப்பள்ளியில் மட்டுமல்ல, கும்மிடிப்பூண்டியிலும், இரவில் விளக்கு எரியும் எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் பல பேருடைய பார்வை மிஞ்சும்!